ஏழாவது வண்டி

பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் உறுப்பினராக இருக்கும் பொறியாளர் சங்கத்துக்கு ஐம்பது வயது ஆகிறது. சுரங்கப்பாதை தோண்டுகிறவர்களின் சங்கம். இரண்டு பக்கம் எழுத வேண்டும், ஒரு புகைப்படம் தர வேண்டும், தலைப்பு ‘நம் துறையின் சாதனைகள்’. நான் ஐந்து பக்கம் எழுதினேன். அதில் நாலு பக்கம் விபத்து.

“ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி. ஆனா மலருக்கு ஒத்து வராது” என்று மலர்க்குழுவில் இருந்த மூத்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தாற்போல் இருக்கிறதாம். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஐந்து பக்கத்தோடு, அதில் எழுதத் துணியாத ஒன்றையும் சேர்த்து இங்கே போடுகிறேன்.

முதலில் இந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1970-இல் வாஷிங்டனில் ஓஇசிடி என்ற, பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பு சுரங்கப்பாதைகளுக்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. நகரங்கள் பெருத்துக்கொண்டிருந்தன, இனி ரயிலும் சாக்கடையும் மண்ணுக்குள்தான் போக வேண்டும், இதை யோசிக்க ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அமைப்பு வேண்டும் என்று அந்த மாநாடு பரிந்துரைத்தது. 1971-இல் பிரிட்டிஷ் டனலிங் சொசைட்டி வந்தது. முதல் தலைவர் ஹெரால்டு ஹார்டிங். 1974-இல் ஆஸ்லோவில் 19 நாடுகள் சேர்ந்து இன்டர்நேஷனல் டனலிங் அசோசியேஷனைத் தொடங்கின. அதற்கு முதல் தலைவர் ஆலன் மியூர் வுட். சில ஆண்டுகளாக எங்கள் துறையில் பொன்விழா மேல் பொன்விழாவாக வருவதற்கு இதுதான் காரணம்.

பாலம் கட்டுகிறவர்களுக்கும் அணை கட்டுகிறவர்களுக்கும் ஏற்கனவே சங்கங்கள் இருந்தன. நமக்கு ஏன் தனியாக? என் விளக்கம் இது. பாலத்துக்கு இரும்பு வேண்டுமென்றால் இந்தத் தரத்தில் கொடு என்று எழுதி வாங்கலாம். வந்த இரும்பு சரியில்லையென்றால் திருப்பி அனுப்பலாம். எங்களுக்குக் கட்டுமானப் பொருளே மண்ணும் பாறையும்தான். அதை யாரும் நமக்காகத் தயாரித்துத் தரவில்லை, திருப்பி அனுப்பவும் முடியாது. நூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டு, நடுவில் இருப்பதை ஊகித்துக்கொண்டு உள்ளே போகிறோம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை மற்றவர்களுக்குப் பழமொழி. எங்களுக்கு ஷிப்ட் ரிப்போர்ட்.

இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு நாட்டுக்குப் போய்விடுவோம். அந்த மண் என்ன செய்தது என்று தெரிந்த நாலு பேர் நாலு திசையில் இருப்பார்கள். செய்த தப்பு கான்கிரீட்டுக்குப் பின்னால் போய்விடும், யாராலும் பார்க்க முடியாது. அடுத்த குழு அதே மண்ணில் அதே தப்பைப் புதிதாகச் செய்யும். சங்கம் என்று ஒன்று வேண்டியிருந்தது இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். மலரோ மிக நீளமானது, மிக ஆழமானது, மிக அகலமானது என்று போகிறது.

விழா என்றதும் எனக்கு ஞாபகம் வருவது 1827 நவம்பர் 10-ஆம் தேதி நடந்த ஒரு விருந்து. தேம்ஸ் ஆற்றுக்கு அடியில், பாதி தோண்டிய சுரங்கத்துக்குள்.

மார்க் பிரூனெல் 1818-இல் ‘ஷீல்டு’ என்ற கவசச் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பல் மரத்தைத் துளைக்கும் ஒரு புழு தலையால் மரத்தை அரைத்துக்கொண்டே முன்னால் போகும். போகிற வழியில் துளையின் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பூசிக்கொண்டே போகும். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். 1825-இல் வேலை தொடங்கியது. பக்கம் பக்கமாக நிறுத்திய 12 இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு, ஆக 36 அறைகள். அறைக்கு ஓர் ஆள். அவன் முகத்துக்கு நேரே மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் பலகைகள். ஒரே ஒரு பலகையைக் கழற்றுவான், அதற்குப் பின்னால் ஒரு செங்கல் அகலத்துக்கு, நாலரை அங்குலம், மண்ணை எடுப்பான், பலகையை முன்னால் தள்ளித் திருகுக்கட்டையால் முட்டுக் கொடுப்பான். பிறகு அடுத்த பலகை. எல்லாப் பலகையும் முன்னேறிய பிறகு சட்டத்தையே நகர்த்துவார்கள், பின்னால் கொத்தனார் செங்கல் அடுக்குவார். இன்று நான் வேலை பார்க்கும் இயந்திரத்தில் மோட்டாரும் கணினியும் வந்துவிட்டன, முறை அதேதான். முகத்தை, அதாவது எதிரே நிற்கும் மண்சுவரை, தாங்கிப் பிடி, கொஞ்சம் எடு, முன்னால் நகர், பின்னால் வளையம் கட்டு.

1827 மே மாதம் ஆறு உள்ளே புகுந்தது. மகன் இசம்பார்டு கிங்டம் பிரூனெலுக்கு அப்போது 21 வயது, களத்தில் அவர்தான் பொறுப்பு. மணியைக் கவிழ்த்தது போன்ற ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து ஆற்றின் அடிக்குப் போய் ஓட்டையைப் பார்த்தார். களிமண் மூட்டைகளைக் கொட்டி அடைத்தார்கள். தண்ணீரை இறைத்துச் சேற்றை வாரி முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே? அதற்காகத்தான் விருந்து. ஒரு வளைவின் கீழ் நீள மேசை போட்டு முக்கியஸ்தர்கள் ஐம்பது பேர் அளவில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வளைவில் தொழிலாளர்கள் 120 பேர். தலைக்கு மேலே ஆறு. எரிவாயு விளக்கு. கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவின் பேண்டு வாத்தியம்.

இரண்டு மாதம் கழித்து, 1828 ஜனவரி 12, ஆறு மறுபடி வந்தது. ஆறு பேர் செத்தார்கள். இளைய பிரூனெலை வெள்ளம் சுருட்டிக்கொண்டு போய்க் குழிவாயில் தள்ளியது, அரைகுறை உயிரோடு தூக்கினார்கள். பணம் தீர்ந்தது. முகப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, அந்தச் சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை மாட்டினார்கள். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுரங்கம் அக்கரை வரை போவது போலத் தெரியும். ஏழு ஆண்டு அப்படியே கிடந்தது. அரசுக் கடன் கிடைத்து மறுபடி தொடங்கி, 1843 மார்ச் 25-இல் திறந்தார்கள். இன்றும் அதற்குள் ரயில் ஓடுகிறது.

அந்தக் கண்ணாடியைத்தான் நான் மலருக்கு எழுதிய கட்டுரையின் முதல் பத்தியில் வைத்திருந்தேன். ‘நம் விழா மலர்கள் பல நேரம் இந்தக் கண்ணாடி வேலையைச் செய்கின்றன’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். சரி, அது கொஞ்சம் குசும்புதான்.

சாதனையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இரண்டு பக்கமும் தோண்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்கிற நாள் இருக்கிறதே, அதற்கு ஈடு எதுவும் கிடையாது. சர்வே ஆட்களுக்கு அன்று சோறு இறங்காது. ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் 1990 அக்டோபர் 30-இல் மெல்லிய துளைக்கம்பி முதலில் மறுபக்கம் தொட்டது. டிசம்பர் 1-இல் கிரஹாம் ஃபாக், பிலிப் கோசெட் என்ற இரண்டு தொழிலாளர்கள் ஓட்டை வழியே கை குலுக்கினார்கள். பக்கவாட்டில் 358 மில்லிமீட்டரும் உயரத்தில் 58 மில்லிமீட்டரும்தான் விலகல். சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்டு அடிவாரச் சுரங்கத்தில், 2010 அக்டோபர் 15, பக்கவாட்டில் 8 சென்டிமீட்டர், உயரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர். இதையெல்லாம் மலரில் போடட்டும், நானும் படிப்பேன்.

ஆனால் அதே கோட்ஹார்டில் 1872-இல் தொடங்கிய பழைய சுரங்கம் ஒன்று உண்டு, 15 கிலோமீட்டர். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர். 1879 ஜூலையில் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைத்து இறந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் பாறை உடைந்து ஓட்டை விழுந்தபோது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு முதலில் நீட்டியது ஒரு தகரப் பெட்டியை. உள்ளே ஃபாவ்ரின் புகைப்படம். முதலில் கடந்து போகிற ஆள் அவராக இருக்கட்டும் என்று. அந்த வேலையில் செத்தவர்கள் கிட்டத்தட்ட 200 பேர். செத்தவர்கள் கணக்கில் வராத ஒரு கூட்டமும் உண்டு. தொழிலாளர்கள் வெளுத்து, மூச்சு வாங்கி, நடக்க முடியாமல் போனார்கள். காற்றில்லாததால் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் டூரினில் எடோவார்டோ பெரொன்சீத்தோ என்ற மருத்துவ ஆய்வாளர் பார்த்துவிட்டுச் சொன்னார், குடலில் கொக்கிப்புழு. கழிப்பிடம் கிடையாது, சூடான சேறு, வெறுங்கால். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்து காற்றழுத்தம். ஆற்றடியில் தண்ணீர் வராமலிருக்க உள்ளே அழுத்தக் காற்றை நிரப்பித் தோண்டுவார்கள். வெளியே வரும்போது மூட்டு முறுக்கும், சிலருக்கு உயிரே போகும். நியூயார்க்கில் ஹட்சன் நதிச் சுரங்கத்துக்கு 1889 வாக்கில் எர்னஸ்ட் மோய்ர் என்ற பொறியாளர் வந்தபோது, வேலையில் இருந்தது 45, 50 பேர். மாதத்துக்கு ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். வலியில் துடிக்கிறவரை மறுபடி அழுத்தத்துக்குள் வைத்து மெதுவாக இறக்கினால் பிழைக்கிறார் என்று கண்டு, களத்திலேயே ஓர் இரும்பு உருளையை வைத்தார், உள்ளே கட்டில் போட்டு. அதற்குப் பிறகு பதினைந்து மாதத்தில் 120 பேரில் இரண்டே மரணம். இன்று எங்கள் இயந்திரத்தில் கட்டர் பல் மாற்ற அழுத்தத்துக்குள் ஆள் போனால், மேலே மருத்துவ அறை தயாராக இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கிற இளைஞர்களில் எத்தனை பேருக்கு மோய்ர் பெயர் தெரியும்?

இனி வருவதுதான் மலர்க்குழுவுக்குப் பிடிக்காத பகுதி.

1994 அக்டோபர் 21, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அடியில், ரயில் நிலையத்துக்காகத் தோண்டிய சுரங்கங்கள் இடிந்தன. நடு இரவில். வேலையாட்கள் நிலைமையைப் பார்த்து வெளியே வந்துவிட்டதால் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. நிலத்தை அளந்த கருவிகள் முன்பே சேதி சொல்லிக்கொண்டிருந்தன. பிறகு வழக்கு, 12 லட்சம் பவுண்டு ஒரு நிறுவனத்துக்கு, 5 லட்சம் இன்னொன்றுக்கு என்று அபராதம். உலகில் வேறு இடங்களிலும் அந்தப் பத்தாண்டில் சுரங்கங்கள் விழுந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குப் பார்த்தன, இந்தத் தொழிலுக்கு இனி காப்பீடு கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தன. காப்பீடு இல்லையென்றால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் சுரங்கம் இல்லை.

அப்போதுதான் பிரிட்டிஷ் டனலிங் சொசைட்டியும் காப்பீட்டாளர் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சுரங்க வேலையில் இடர் மேலாண்மைக்கு ஒரு கூட்டு நெறிமுறை எழுதின. 2003-இல் வந்தது. அதைப் படிப்பவர்களுக்குத் தூக்கம் வரும், அது வேறு. ஆனால் அதன் சாரம் இதுதான்: என்ன தவறாகப் போகலாம் என்று தொடக்கத்திலேயே பதிவேட்டில் எழுது, யார் பொறுப்பு என்று எழுது, வேலை முடியும் வரை அதைத் திருத்திக்கொண்டே இரு, காப்பீட்டாளர் கேட்டால் காட்டு. பயத்தை வாய்விட்டுச் சொல்லாத ஒரு தொழிலில், பயத்தை எழுதி வை என்று கட்டாயப்படுத்திய ஆவணம். ஐம்பது ஆண்டில் எந்தச் சங்கமும் செய்த எந்தக் காரியத்தையும் விட இதை நான் மேலே வைப்பேன். நாடா வெட்ட முடியாது, படம் பிடிக்க முடியாது, அதனால் மலரில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். இயந்திரங்களுக்கு ஏன் பெண் பெயர் வைக்கிறோம், டிசம்பர் 4-இல் ஏன் சுரங்கக்காரர்களின் காவல் புனிதரான பார்பராவுக்கு விளக்கேற்றுகிறோம் என்பதற்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதே 2003, பிப்ரவரி. லண்டன் ஸ்ட்ராட்ஃபர்ட் பக்கம் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்கான ரயில் இணைப்புக்காக ஓர் இயந்திரம் தோண்டிக்கொண்டு போனபோது, மேலே சில வீடுகளின் பின்தோட்டம் குழிக்குள் இறங்கியது. வழியில் யாருக்கும் தெரியாத பழைய கிணறுகள். அதன் தொடர்ச்சியாக பிரிட்டிஷ் டனலிங் சொசைட்டி 2005-இல் மூடிய முக இயந்திரங்களுக்கு, அதாவது எங்களுடையது மாதிரி முன்பக்கம் அடைத்த இயந்திரங்களுக்கு, ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் வெளியே வரும் மண்ணைக் கணக்கு வைப்பது பற்றிய பகுதியை நான் முதல் தடவை படித்தபோது எனக்கு வியர்த்தது. மலருக்கு எழுதாமல் விட்டது இதைத்தான்.

எனக்கு அப்போது 26 வயது. ராத்திரி ஷிப்ட். எங்கள் இயந்திரத்தில் முன்னால் மண்ணைக் கடிக்கும் கட்டர்ஹெட், அதன் பின்னால் வெட்டிய மண்ணாலேயே நிரம்பிய ஓர் அறை, அந்த அறையிலிருந்து மண்ணை வெளியே இழுக்கும் ஸ்குரூ கன்வேயர். மண் இளகி வர ஃபோம் என்ற நுரையையும் உள்ளே செலுத்துவோம். அறையிலிருக்கும் மண்ணின் அழுத்தம்தான் முகத்தைத் தாங்குகிறது. வெட்டுவதும் வெளியே எடுப்பதும் சமமாக இருக்க வேண்டும். எடுப்பது அதிகமானால், மேலே எங்கேயோ வெற்றிடம் பிறக்கிறது என்று அர்த்தம்.

கணக்கு எளிது. ஒரு ரிங், அதாவது சுரங்கச் சுவரின் ஒரு வளையம், நீளம் 1.4 மீட்டர். அதற்கு வெட்டும் மண் சுமார் 48 கன மீட்டர். வெட்டிய மண் உப்பும், ஒன்றரை மடங்கு வைத்தால் எழுபத்து சொச்சம். வெட்டிய மண்ணை ஏற்றும் எங்கள் மக் வண்டி ஒன்று 15 கன மீட்டர். ஆக ரிங்குக்கு ஐந்து வண்டி. ஒரு லோகோ, அதாவது வண்டிகளை இழுக்கும் சின்ன ரயில் எஞ்சின், ஐந்து வண்டிகளோடுதான் வரும்.

அன்று மூன்று மணி இருக்கும். ஐந்தும் நிரம்பிவிட்டன, ரிங் இன்னும் முடியவில்லை. லோகோ டிரைவர் இறங்கி வந்தார். என் அப்பா வயது.

“சார், ரேக் பத்தல. இன்னொரு லோகோ வரச் சொல்லவா?”

வரச் சொன்னோம். ஆறாவது வண்டி நிரம்பியது. ஏழாவதும். அழுத்தக் கடிகாரம் நடுவில் ஒரு முறை இறங்கி ஏறியதை நான் பார்த்தேன். ஷிப்ட் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன்.

“ஃபோம் ஜாஸ்தி போயிருக்கு, மண்ணு உப்பிக் கெடக்கு. அஞ்சேமுக்கால்னு போடு. ஏழுன்னு போட்டா காலைல மெஷினை நிப்பாட்டிருவான்.”

போட்டேன். ஐந்தே முக்கால். என் கையெழுத்து. வண்டியைக் கிளப்பும் முன் லோகோ டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வண்டி உபரி என்றால் 30 கன மீட்டர், உப்பலைக் கழித்தால் 20. ஒரு சின்னப் படுக்கையறை அளவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நான் ஒரு படுக்கையறையை நெடுஞ்சாலைக்குக் கீழே மறைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். சாலையின் மேற்பரப்பில் வைத்த குறிகள் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. தார்ச்சாலை பலகை மாதிரி அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. மூன்று வாரம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக மேலிருந்து துளை போட்டார்கள். கம்பி இரண்டு மீட்டர் போனதும் சடக்கென்று ஒன்றரை மீட்டர் தானாக இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அன்று இரவே சாலையை மறித்து சிமெண்ட் கிரவுட் ஊற்றி நிரப்பினோம். ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கை’ என்று கோப்பு சொல்லிற்று. யாரும் ஏழாவது வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை. அந்தத் தாரைப் போட்டவனின் சாமர்த்தியம்.

2023 நவம்பர் 12, தீபாவளி அன்று உத்தரகாசியில் சில்க்யாரா சுரங்கம் சரிந்து 41 பேர் உள்ளே மாட்டினார்கள். சர்வதேசச் சங்கத்தின் அப்போதைய தலைவர் அர்னால்ட் டிக்ஸ் அங்கே போய் நின்றார். துளையிடும் இயந்திரம் இடிபாட்டுக் கம்பிகளில் சிக்கி உடைந்தது. கடைசிப் பன்னிரண்டு மீட்டர் அளவை எலி வளைத் தொழிலாளர்கள் குழாய்க்குள் படுத்துக் கையால் குடைந்து, 17-ஆம் நாள் அத்தனை பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். மலரில் இதற்கு நடுப்பக்கம், வண்ணத்தில். சரிதான், கொடுக்க வேண்டியதுதான். மீட்ட கதையை நாளுக்கு நாள் பார்த்தோம். விழுந்த கதையை நம்மில் எத்தனை பேர் தேடிப் படித்தோம்? நான் தேடியதே பல மாதம் கழித்துத்தான். அதனால் யாரையும் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

போன வாரம் மலர் தபாலில் வந்தது. என் கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுரங்கம் திறந்த நாளின் படம். கட்டர்ஹெட் முன்னால் மஞ்சள் கோட்டுக் கூட்டம், இரண்டாவது வரிசையில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதே சுரங்கம்தான்.

மறுநாள் மலர்க்குழுப் பெரியவரிடமிருந்து போன் வந்தது. தாள், அச்சு, படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பேசினார். கட்டுரை போட முடியாததில் வருத்தமில்லையே என்றார். இல்லை சார் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக இந்த ஏழாவது வண்டியைப் பற்றி ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இணைப்பு துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“என்ன மண்ணு தம்பி? களியா, மணலா?”

“மேலே களி, கீழே மணல் சார். ரெண்டும் சேர்ற இடம்.”

“தண்ணி?”

“இருந்துச்சு சார்.”

மறுபடி கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, நான் பிறப்பதற்கு முன் அவர் வேலை பார்த்த ஒரு சுரங்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஷீல்டு முகத்தில் ஆட்கள் நின்று தோண்டிய காலம், தள்ளுவண்டியில் மண். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவர்களுக்கு ராத்திரிக்கு நாற்பது வண்டி கணக்காம். அன்றைக்கு வந்தது அறுபத்திரண்டு.

“நாப்பத்தஞ்சுன்னு எழுதினேன்” என்றார்.